"45 நாள் குட்டி, ஊசி போட்டாச்சு" என்று சொல்லி விற்பவர்களிடம் ஜாக்கிரதை

நாய்க்குட்டி வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். "45 நாள் லேப் குட்டி, முதல் ஊசி போட்டாச்சு, புக் கையோட தருவோம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் நாங்கள் லட்டு என்ற லேப்ரடார் குட்டியை வாங்கினோம். வயது பொய், ஊசி பொய், ஊசி விவரம் எழுதிய புக்கும் பொய். வந்த ஒரே வாரத்தில் குட்டி செத்துப்போனது.

விற்ற ஆள் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் சொந்தமாகப் பண்ணை வைத்திருப்பதாகச் சொன்னார். நேரில் வந்து தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். "அக்கா, குட்டி போட்ட நாய், வெளியாள் வந்தா கடிச்சிரும். வீடியோ அனுப்புறேன், பாருங்க" என்றார். வீடியோவும் வந்தது. நல்ல வாட்டசாட்டமான தாய், பால் குடிக்கும் குட்டிகள். பாதிப் பணத்தை ஜிபேயில் வாங்கிக்கொண்டு, மீதியை வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் வாங்கிக்கொண்டார். அட்டைப்பெட்டியில் இருந்த குட்டியைக் கையில் கொடுத்தார், புக்கைக் கொடுத்தார், பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குட்டி அப்போதுதான் குளிப்பாட்டியது போல இருந்தது. பவுடர் வாசனை தூக்கியது. வாலுக்கு அடியில் மட்டும் முடி ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வயிறு உருண்டையாக இருந்ததைப் பார்த்து "கொழுகொழுன்னு இருக்கே" என்று என் மகள் தூக்கிக்கொண்டாள். கண்ணை மூடி மூடித் திறந்ததை, பயணக் களைப்பு என்றார் அந்த ஆள். பின்னால் டாக்டர் ஒவ்வொன்றாக விளக்கியபோது வயிறு எரிந்தது. உருண்டை வயிறு பூச்சி. வாலுக்கடியில் ஈரம், வயிற்றுப்போக்கைக் கழுவியது. பவுடர், அந்த நாற்றத்தை மறைக்க. கடையிலோ ரோட்டிலோ குட்டியை வாங்குகிறவர்கள் முகத்தை மட்டும் பார்த்து மயங்கிவிடாமல் வாலைத் தூக்கிப் பாருங்கள். ஈறு வெளுப்பாக இல்லாமல் ரோஸ் நிறத்தில் இருக்கிறதா என்று உதட்டை விலக்கிப் பாருங்கள்.

மறுநாள் சாயங்காலம் வாந்தி. நுரை நுரையாக, பிறகு மஞ்சளாக. ராத்திரி ரத்தமாகவே போக ஆரம்பித்தது. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். விற்றவருக்குப் போன் செய்தால், "நீங்க என்ன குடுத்தீங்க? முட்டை குடுத்தீங்களா? பால் குடுத்தீங்களா? அதான்" என்கிறார். இதைத்தான் இவர்கள் எல்லோரிடமும் சொல்கிறார்கள்.

டாக்டர் மலத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுப் பரிசோதனைக் கிட்டில் விட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடு. பார்வோ, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். இந்த வைரஸ் உடம்புக்குள் போய் நோயாக வெளியே தெரிய பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாள் பிடிக்கும். அப்படியென்றால் நேற்று எங்கள் வீட்டுக்கு வந்த குட்டிக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டால் வந்திருக்க வழியே இல்லை. அங்கிருக்கும்போதே தொற்றியிருக்கிறது, வயிற்றுப்போக்கும் ஆரம்பித்திருக்கிறது. தெரிந்தேதான் கழுவிப் பவுடர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"என்ன வயசுன்னு சொன்னாங்க?" என்று டாக்டர் கேட்டார். 45 நாள் என்றேன். வாயைத் திறந்து விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். முன்பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தன. கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறு. "ஒரு மாசம்கூட முழுசா ஆகியிருக்காதுங்க" என்றார். பால்குடி மறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்கி விற்றிருக்கிறார்கள்.

அடுத்து அந்தப் புக். ஊசி போட்டால், மருந்துக் குப்பியின் மேல் இருக்கும் சின்ன ஸ்டிக்கரை உரித்துப் புக்கில் ஒட்டுவார்கள். அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கும். எங்கள் புக்கில் ஸ்டிக்கர் இருந்தது. டாக்டர் அதன் ஓரத்தில் நகத்தால் சுரண்டினார். மை உரிந்து வெள்ளைக் காகிதம் தெரிந்தது. கலர் ஜெராக்ஸ் எடுத்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கையெழுத்துக்குக் கீழே சீல் இருந்தது. அதில் ஒரு பட்டம் இருந்ததே தவிர, கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இல்லை. பல்லை வைத்துக் கணக்குப் போட்டால், ஊசி போட்டதாக எழுதிய தேதியில் குட்டிக்குக் கண் திறந்தே சில நாள்தான் ஆகியிருக்கும்.

இதைவிட மோசம் அடுத்த வரி. ரேபிஸ் ஊசியும் போட்டதாக எழுதியிருந்தார்கள். ரேபிஸ் ஊசி சாதாரணமாக மூன்று மாதம் ஆன பிறகு போடுவது. 45 நாள் குட்டியின் புக்கில் ரேபிஸ் என்று எழுதியிருந்தாலே அந்தப் புக்கை நம்பாதீர்கள். குட்டி விளையாட்டுக்குக் கடிக்கும், பால்பல் ஊசி மாதிரி இருக்கும், குழந்தைகள் கையில் கீறல் விழும். "அதான் ஊசி போட்ட குட்டியாச்சே" என்று சும்மா இருந்துவிடுவோம். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் மனிதனைக் காப்பாற்ற மருந்து கிடையாது. எங்கே பிறந்தது, எது கடித்தது என்று எதுவுமே தெரியாத குட்டி என்பதால் மகளுக்கு ஊசி போட்டுவிடச் சொன்னார் டாக்டர். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடுகிறார்கள், போட்டோம். பொய்ப் புக் எழுதுகிறவர்கள் விளையாடுவது நாய் உயிரோடு மட்டும் இல்லை. இதற்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

லட்டுவைக் காப்பாற்ற டாக்டர் எல்லாம் செய்து பார்த்தார். பார்வோவை நேரடியாகக் கொல்லும் மருந்து கையில் இல்லை. குளுக்கோஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி சேராமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, உடம்பு தானாக மீளும் வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். முன்காலில் முடியை மழித்து, நூல் மாதிரி இருந்த நரம்பைத் தேடித் தேடி ஊசி குத்தினார்கள். அது முனகக்கூட இல்லை. சீக்கிரம் கொண்டுபோனால் பிழைக்கும் குட்டிகள் நிறைய இருக்கின்றன, அதனால் யாரும் கைவிட்டுவிடாதீர்கள். தனியார் கிளினிக் செலவு தாங்காது என்றால் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, கட்டணம் குறைவு. லட்டுவுக்கு வயதும் இல்லை, உடம்பில் சத்தும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளும் 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளும் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. எட்டு வாரம் என்றால் 56 நாள். நாம் காலங்காலமாகக் கேட்டுப் பழகிய "45 நாள் குட்டி" என்பதே விதிப்படி விற்கக் கூடாத குட்டி. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை முதலில் கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றினால், அங்கேயே விட்டுவிடுங்கள்.

தாயைக் காட்ட மறுத்தாலும் அப்படித்தான். வீடியோவுக்கு மதிப்பே இல்லை. எங்களுக்கு வந்த அதே வீடியோ வேறு பெயரில், வேறு ஊர் விளம்பரத்திலும் ஓடுகிறது. கொஞ்சம் முன்பணம் கொடுத்தாலும், குட்டியை நேராக உங்கள் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அங்கே வைத்து மீதியைத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையாக வளர்ப்பவர் சரி என்பார். புக்கில் என்ன எழுதியிருந்தாலும் உங்கள் டாக்டரிடம் முதலிலிருந்து கேட்டுப் போடுங்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும் என்பதால்தான், ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்து நான்கு மாதம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடச் சொல்கிறார்கள். ஒரே ஊசியோடு தெருவில் இறக்கிவிட வேண்டாம்.

பெர்ஷியன் பூனைக்குட்டி விற்பதிலும் இதே கதைதான். பூனைகளுக்கும் பார்வோ குடும்பத்து வைரஸ் ஒன்று உண்டு, அதுவும் குட்டிகளை இப்படித்தான் கொல்லும். அந்த எட்டு வாரக் கணக்கு பூனைக்குட்டிக்கும் பொருந்தும்.

எங்களைப் போல பார்வோவில் குட்டியை இழந்தவர்கள் உடனே இன்னொன்றைக் கொண்டுவந்துவிடாதீர்கள். தரையிலும் மண்ணிலும் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் அதை ஒன்றும் செய்யாது (பூனை இருக்கும் வீட்டில் பினாயில் விஷம், அது வேறு). முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, திரவ பிளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். தட்டு, துணி, பொம்மை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். யாருக்கும் தானமாகக் கொடுக்க வேண்டாம்.

பணம் திரும்பி வரவில்லை. எண்ணை பிளாக் செய்துவிட்டார். போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, டாக்டரின் சீட்டு, கிட் போட்டோ, அந்தப் பொய்ப் புக் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிவு செய்தோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள், புக்கைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். "புக்கைக் குடுங்க, வேற குட்டி தரேன்" என்று எங்களிடம் பிளாக் செய்வதற்கு முன் கேட்டார்.

அந்த விளம்பரம் புது எண்ணில் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. வீடியோவில் நீலத் தார்ப்பாய் மேல் வெளிர் மஞ்சள் நிறத் தாய் படுத்திருக்கும், பின்சுவரில் பாதி கிழிந்த தினசரிக் காலண்டர் தொங்கும், ஓரத்தில் ஒரு சிவப்பு வாளி. இதைப் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள், விளம்பரத்தை ரிப்போர்ட் செய்யுங்கள்.