நிறம் அடுக்கும் போன் விளையாட்டுகள்: மூன்றை எடைபோட்டதில்

பிளே ஸ்டோரில் நிறப் புதிர் என்று தேடினால் பக்கம் பக்கமாக வந்து கொட்டும். எல்லாவற்றுக்கும் கீழே மனதை ஆற வைக்கும் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் திரையின் மூலையில் மணிக்கூடு இறங்கிக்கொண்டிருந்தால், நாலு தரம் பிழை விட்டவுடன் உயிர் போய் அரை மணித்தியாலம் காத்திருக்கச் சொன்னால், அது ஆறுதலுக்கு ஏற்ற விளையாட்டு இல்லை. நேரம் துரத்தக்கூடாது. வைத்ததைத் திருப்பி எடுக்க முடியவேண்டும். டேட்டா இல்லாமலும் ஓடவேண்டும். இந்த அளவுகோலை வைத்துச் சலித்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதில் மூன்று வகையை இங்கே எடுத்துக்கொள்கிறோம்: நிறச்சாயலை ஒழுங்காக அடுக்கும் ‘ஐ லவ் ஹியூ’, புள்ளிகளை இணைக்கும் ‘ஃப்ளோ ஃப்ரீ’, பல பெயர்களில் கிடைக்கும் நிறத்தண்ணீர் பிரிக்கும் விளையாட்டுகள்.

இவற்றின் கவர்ச்சி எங்கே இருக்கிறது? சொல் இல்லை, எண் இல்லை, கதையும் இல்லை. கண் பார்க்கிறது, கை நகர்த்துகிறது, சரியா பிழையா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. நாள் முழுக்கக் கடைக்கணக்குப் பார்த்தவருக்கும் சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடமாக்கிக் களைத்த பிள்ளைக்கும் எழுத்தையும் இலக்கத்தையும் விட்டு விலகி இருப்பதே பெரிய ஆறுதல். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத உம்மம்மாவும் அம்மம்மாவும் ஒரு தரம் காட்டிக்கொடுத்தால் தாங்களாகவே ஆடுவார்கள்.

முதலிடம் ஐ லவ் ஹியூவுக்கு. 2017இல் வந்தது. முதலில் முழுப் படத்தையும் காட்டும்: ஒரு மூலையில் மயில்நீலம், எதிர் மூலையில் ரோசா, இடையில் படிப்படியாக மாறிக்கொண்டு போகும் சதுரங்கள். பிறகு அவற்றைக் கலைத்துப்போடும். சிறு புள்ளி போட்ட சதுரங்கள் மட்டும் அசையாமல் இடத்தில் நிற்கும். மற்றவற்றை இரண்டிரண்டாக இடம் மாற்றி பழைய ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். நேரக்கட்டுப்பாடு கிடையாது. முடிந்தபின் எத்தனை நகர்த்தலில் முடித்தீர்கள் என்று சொல்லும், அவ்வளவுதான்.

புதிதாக ஆடுபவர்கள் செய்யும் பிழை, நடுவில் கிடக்கும் சதுரத்தில் தொடங்குவது. நடு நிறம் நாலு பக்கத்துக்கும் சொந்தக்காரன் மாதிரித் தெரியும், எங்கே வைத்தாலும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். ஓரத்தில் தொடங்குங்கள். மேல் வரிசையில் இரண்டு மூலைகளையும் பார்த்து, இடமிருந்து வலமாக எது மாறுகிறது என்று பிடியுங்கள். அது நிறமாக இருக்கலாம். மேலிருந்து கீழாக மாறுவது வெளிச்சமாக இருக்கலாம், அதாவது வெளிறலிலிருந்து அடர்த்திக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்காமல் தனித்தனியாகப் பாருங்கள்: ‘இது பச்சைப் பக்கமா நீலப் பக்கமா’ என்பது ஒரு கேள்வி, ‘இது எத்தனையாவது வரி’ என்பது இன்னொரு கேள்வி. நாலு ஓரமும் அமைந்தால் உள்ளே உள்ளவை தாமாக இடம் சொல்லும்.

ஒரு சதுரம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதை வைத்துவிட்டு, அதன் நடுவைப் பார்க்காமல் பக்கத்துச் சதுரத்தோடு ஒட்டும் விளிம்பைப் பாருங்கள். சரியாக இருந்தால் இரண்டு பக்கத்து விளிம்பும் ஒரே அளவு மெல்லிதாகத் தெரியும். ஒரு பக்கம் கரைந்தும் மறுபக்கம் கோடு கீறியது போலவும் இருந்தால், அது கரைந்த பக்கத்தை நோக்கிப் போகவேண்டிய சதுரம். கண்ணுக்குத் தனி நிறத்தை அளக்கத் தெரியாது, பக்கத்து நிறத்தோடு ஒப்பிடத்தான் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கோபலின் நெசவாலையின் சாயப்பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரூல் இதைத்தான் கண்டார். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று முறைப்பாடு வந்தது. சாயத்தில் பிழை இல்லை, பக்கத்தில் ஓடிய நூலின் நிறம்தான் கறுப்பை மங்கவைத்தது. 1839இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். கிழக்கிலங்கை மருதமுனையில் கைத்தறிக்கு நூல் தெரிகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நெடுக்கே போகும் பாவில் ஒரு நிறமும் குறுக்கே போகும் ஊடையில் இன்னொரு நிறமும் ஓடும்போது, இரண்டு நூலிலும் இல்லாத மூன்றாவது நிறம் துணியில் தெரியும். கட்டாகப் பார்த்தபோது பிடித்த நூல் தறியில் வேறு முகம் காட்டும். இந்த விளையாட்டு பழக்குவது அந்தக் கண்ணைத்தான், அதனால்தான் இதை நாங்கள் வெறும் பொழுதுபோக்காக எண்ணுவதில்லை.

ஒரு கணக்கையும் சொல்லிவிடலாம். 20 சதுரங்கள் இடம் மாறிக் கிடந்தால், ஒவ்வொரு மாற்றலிலும் ஒன்றையாவது சரியான இடத்தில் வைத்துக்கொண்டு போனால் 19 மாற்றலுக்குள் முடிந்துவிடும். கடைசி மாற்றல் இரண்டை ஒன்றாக இடத்தில் சேர்க்கும். 60, 70 என்று போகிறது என்றால் ஒரே சதுரத்தைத் திரும்பத் திரும்ப அலைக்கழிக்கிறீர்கள். அப்போது போனைக் கீழே வைத்து ஒரு நிமிடம் தூரத்தில் எதையாவது பாருங்கள். ஒரே நிறத்தை உற்றுப் பார்த்தால் அந்த நிறத்துக்குக் கண் சலித்து, அடுத்த நிறத்தின் மேல் எதிர்நிறத்தின் சாயல் ஏறும். சிவப்பை அரை நிமிடம் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் நீலப்பச்சை தெரிவதும் இதனால்தான்.

இனி இதன் குறை. இந்த விளையாட்டு போன் திரையை நம்பியிருக்கிறது, திரை பிழைத்தால் எல்லாம் பிழை. ‘ஆடவே முடியவில்லை, எல்லாம் ஒரே நிறம்’ என்று சொல்பவரின் போனை வாங்கிப் பாருங்கள், பெரும்பாலும் நைட் லைட் போட்டிருப்பார். சாம்சுங்கில் அதற்கு ஐ கம்ஃபோர்ட் ஷீல்ட் என்று பெயர், ஷியோமியில் ரீடிங் மோட், ஐபோனில் நைட் ஷிஃப்ட். நீலத்தைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்குவதுதான் இவற்றின் வேலை. நீலம், ஊதா, கத்தரிப்பூ நிறம் மூன்றும் ஒன்றாய்க் கலங்கிப்போகும். ஆடும்போது அதை நிறுத்துங்கள். ஐபோனில், சுற்று வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை நிறத்தை மாற்றும் ட்ரூ டோனையும் நிறுத்துங்கள். பற்றரி சேமிப்பு போட்டிருந்தால் வெளிச்சம் குறையும், அடர் நிறங்கள் எல்லாம் கறுப்பாகத் தெரியும். பக்கத்து ஆள் பார்க்காமலிருக்க ஒட்டும் பிரைவசி கிளாஸ் இன்னும் மோசம், அது முழுத் திரையையும் இருட்டாக்கும். விலை குறைந்த பழைய எல்.சி.டி. திரை என்றால் போனைச் சரித்துப் பிடித்தாலே நிறம் மாறும், முகத்துக்கு நேரே பிடியுங்கள்.

வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னொரு தொல்லை. வெளி விறாந்தையில் மத்தியானம் இருந்து ஆடினால் போன் சூடேறும், சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் திரை வெளிச்சத்தைத் தானே குறைக்கும். விளையாட்டில் பழுது என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி இறக்குவதில் பயன் இல்லை. கவரைக் கழற்றி நிழலில் கொஞ்ச நேரம் வையுங்கள். குளிரூட்டிக்குள் வைக்கவே வேண்டாம், உள்ளே ஈரம் படியும்.

ஃப்ளோ ஃப்ரீ 2012இல் வந்தது, இன்னும் தேயவில்லை. ஒரே நிறப் புள்ளிகள் இரண்டைக் குழாயால் இணைக்க வேண்டும், குழாய்கள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது, ஒரு கட்டமும் வெறுமையாக மிஞ்சக்கூடாது. 5க்கு 5 கட்டத்தில் தொடங்கிப் பெரிதாகிக்கொண்டு போகும். சுவரோடு ஒட்டியிருக்கும் புள்ளிகளைச் சுவரோடேயே கொண்டுபோவது பெரும்பாலும் சரிவரும். கிட்டக் கிட்ட இருக்கும் புள்ளிகளை முதலில் இணைக்கும் ஆசையை அடக்குங்கள். அந்தக் குட்டைக் குழாய்தான் பிறகு மற்றவற்றின் வழியை மறிக்கும். மூலைக் கட்டத்தில் புள்ளி இல்லையென்றால் அதற்குள் வந்த குழாய் வளைந்துதான் வெளியேறவேண்டும், வேறு வழியில்லை; அந்த வளைவை முதலில் போட்டுவிட்டால் பாதி முடிச்சு அவிழும். இதில் நேரம் வைத்து ஆடும் பகுதியும் தனியாக இருக்கிறது. ஆறுதலுக்காக ஆடுபவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

நிறக்குருடு உள்ளவர்களுக்கும் ஃப்ளோ ஃப்ரீ கைகொடுக்கும். செட்டிங்ஸில் புள்ளிகளின் மேல் எழுத்துப் போடும் வசதி இருக்கிறது, போட்டுவிட்டால் சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவரும் தடையில்லாமல் ஆடலாம். அந்தக் குறைபாடு எக்ஸ் நிறமூர்த்தத்தில் வருவதால் ஆண்களிடம்தான் கூடுதல். பச்சையையும் மண்ணிறத்தையும் ஒரு பிள்ளை தொடர்ந்து மாற்றிவைத்தால் கவனமில்லை என்று ஏசாதீர்கள். விளையாட்டை வைத்து முடிவுகட்டவும் வேண்டாம். கண் கிளினிக்கில் இஷிஹாரா அட்டையைக் காட்டிச் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள்.

நிறத்தண்ணீர் விளையாட்டுத்தான் இப்போது பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் கூடுதலாகத் தெரிவது. ஒரு குழாயில் நாலு பங்கு நிறம். வழக்கமாக இரண்டு குழாய் வெறுமை. மேலே உள்ள நிறத்தை, அதே நிறத்தின் மேலோ வெறுங்குழாயிலோதான் ஊற்றலாம். இலேசாகத் தெரியும், ஆனால் உள்ளே ஆழம் இருக்கிறது. தரப்பட்ட அடுக்கு தீருமா தீராதா என்று சொல்வதே பொதுவாகக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். தண்ணீருக்குப் பதில் நிறப்பந்துகளை ஒவ்வொன்றாக நகர்த்தி அடுக்கும் விளையாட்டில் தீரும் அடுக்கு தண்ணீரிலும் தீரும், அங்கே தீராதது இங்கேயும் தீராது என்பதும் அதே ஆய்வில் வந்தது.

சின்ன அடுக்கு ஒன்றைக் கையிலெடுத்துப் பார்ப்போம். மேலிருந்து கீழாக, முதற் குழாயில் சிவப்பு, பச்சை, நீலம், சிவப்பு. இரண்டில் பச்சை, நீலம், சிவப்பு, நீலம். மூன்றில் நீலம், பச்சை, பச்சை, சிவப்பு. நாலும் ஐந்தும் வெறுமை. மூன்றின் நீலத்தை நாலில் ஊற்றுங்கள். இரண்டின் பச்சையை மூன்றின் மேல் ஊற்றுங்கள், இப்போது அங்கே மூன்று பச்சை சேர்ந்துவிட்டது. இரண்டில் வெளிவந்த நீலம் நாலுக்கு. முதற் குழாயின் சிவப்பு இரண்டுக்கு. இவ்வளவு நேரமும் ஐந்தாவது குழாயைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். இப்போதுதான் அதன் வேலை: மூன்றிலுள்ள மூன்று பச்சையும் ஒரே ஊற்றாக ஐந்துக்கு, முதற் குழாயின் பச்சையும் அதன் மேல். பச்சை முடிந்தது. முதற் குழாயின் நீலம் நாலுக்கு. இரண்டின் இரு சிவப்பும் முதற் குழாய்க்கு, மூன்றின் அடிச் சிவப்பும் அங்கேயே. கடைசியாக இரண்டின் நீலம் நாலுக்கு. பத்து ஊற்றல்.

கண்ட நிறத்தை எல்லாம் வெறுங்குழாயில் ஊற்றித் தொடங்கினால் மூன்று நிறத்தில் பெரும்பாலும் தப்பிவிடலாம், ஒன்பது பத்து நிறமானால் அனேகமாக அடைபட்டுவிடும். ஒரு வெறுங்குழாயைத் திறக்கமுன், அதற்குள் போகும் நிறத்தின் மற்றப் பங்குகள் எத்தனை மேலே கிடக்கின்றன அல்லது சீக்கிரம் மேலே வரும் என்று எண்ணுங்கள். இரண்டுக்குக் குறைவென்றால் கையை எடுங்கள். அடைபட்டபின் மேலதிகக் குழாய் வேண்டுமென்றால் விளம்பரம் பார்க்கச் சொல்லும். அதற்குப் பதில் மறுபடி தொடங்குவது நல்லது. இரண்டாம் தரம் அடியில் கிடப்பதை நினைவில் வைத்திருப்பீர்கள்.

விளம்பரம்தான் இந்த வகையின் பெரிய சனியன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் சத்தத்தோடு பாய்ந்து வந்தால் வந்த ஆறுதலும் போய்விடும், வாரப் பக்கேஜில் போட்ட டேட்டாவும் வீடியோவில் கரையும். வைஃபையையும் டேட்டாவையும் நிறுத்திவிட்டு ஆடிப்பாருங்கள். அழைப்பு வரவேண்டும் என்றால் ஏரோபிளேன் மோட் போடவேண்டாம், டேட்டாவை மட்டும் நிறுத்தினால் போதும். அப்படியும் ஓடினால் வைத்திருங்கள், இணையம் கேட்டு அடம்பிடித்தால் அழித்துவிடுங்கள். பொலன்னறுவை தாண்டிக் காட்டு வழியில் ரயில் போகும்போது சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அங்கே ஆடமுடியாத விளையாட்டு எங்கள் ஊர்ப் பயணத்துக்கு உதவாது.

இறக்கமுன் பெயருக்குக் கீழே விளம்பரம் உண்டு, உள்ளே கொள்வனவு உண்டு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். புதிருக்குத் தொடர்பு இலக்கங்களோ மைக்கோ இருப்பிடமோ தேவையில்லை, கேட்டால் மறுத்துவிடுங்கள். விளம்பரத்தை நீக்க ஒரே தரம் காசு கேட்டால் பரவாயில்லை. மூன்று நாள் இலவசம், பிறகு வாராவாரம் என்றால் விலகுங்கள், ஒரு மாதத்தில் நாலு தரம் அட்டையில் வெட்டும். பிள்ளை கைதவறித் தொட்டுவிட்டால் செயலியை அழித்தால் மட்டும் நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணமும் சந்தாவும் உள்ள இடத்துக்குப் போய் ரத்துச் செய்யவேண்டும். வாங்கி 48 மணித்தியாலத்துக்குள் கூகுளிடமே காசைத் திருப்பிக் கேட்கவும் முடியும்.

ஒன்றே ஒன்றுதான் போனில் வைக்க இடம் இருக்கிறது என்றால், திரை நல்லதாக உள்ளவர் ஐ லவ் ஹியூவை வையுங்கள். பழைய போன், வீட்டில் நாலு பேர் மாறி மாறி எடுப்பது என்றால் ஃப்ளோ ஃப்ரீ. ஹியூவுக்கு ஏற்ற வெளிச்சம் மாரியில் கிடைக்கும்: வெளியே மழை மூட்டம், ஜன்னலோரம், முதுகுப் பக்கத்தால் வரும் வெள்ளை வெளிச்சம், திரை வெளிச்சம் முக்கால் அளவு. அந்த நேரத்தில் அடுத்தடுத்த இரண்டு பச்சைக்கு நடுவில் உள்ள வித்தியாசமும் தெளிவாகத் தெரியும்.