அவிழ்த்துவிட ஓர் இடம்: பூங்காவா, வைகை மணலா, வேலி போட்ட தோப்பா?

செவ்வந்திக்கு இரண்டரை வயது. சிப்பிப்பாறை இன வேட்டை நாய். மதுரை அண்ணாநகரில் ஒரு மாடி வீட்டில் வளர்கிறாள் என்று சொன்னால் நாய் தெரிந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும், நியாயம்தான். ஓடுவதற்கென்றே பிறந்ததை எங்கே ஓடவிடுவது என்று ஒரு வருஷம் அலைந்து, கடைசியில் ஊருக்கு வெளியே வேலி போட்ட தோப்பு ஒன்றில் வந்து நின்றிருக்கிறேன். அதனால் இந்த ஒப்பீடு நடுநிலையானது இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொட்டைமாடியை உடனே கழித்துவிடலாம். இவள் நாலு எட்டு வைத்தால் கைப்பிடிச்சுவர் வந்துவிடும். சித்திரை வெயிலில் தளம் தோசைக்கல்.

அடுத்தது பூங்கா. எங்கள் பக்கத்தில் குடியிருப்போர் சங்கம் பராமரிக்கிற சின்னப் பூங்கா ஒன்று உண்டு. முதல் நாளே காவலாளி கையை நீட்டிவிட்டார்.

“சார், போர்டப் பாருங்க. நாயோட உள்ள வரக்கூடாது.”

“செயின் போட்டிருக்கேன்லண்ணே.”

“செயின் போட்டாலும் நாய்தான சார்.”

அதற்கு என்ன பதில் சொல்வது? சங்கச் செயலாளரிடம் போனேன். வளர்ப்பு நாய்களைப் பூங்காவுக்குள் விடவே மாட்டோம் என்று சங்கங்கள் மொத்தமாகத் தடுப்பதை இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் ஏற்கவில்லை. வேண்டுமானால் நேரம் ஒதுக்கிக்கொள்ளச் சொல்கிறது. செல்போனில் அதை எடுத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கீழே தள்ளிப் படித்து, பொது இடத்தில் லீஷ் (கையில் பிடிக்கிற வார்) போட்டுக் கூட்டிப் போகவும், அசுத்தம் செய்தால் அள்ளவும் வளர்ப்பவர்களுக்குச் சொல்லியிருக்கும் வரியில் விரலை வைத்தார். “இதையும் படிச்சீங்கள்ல?” என்றார். படித்திருந்தேன். காலை ஆறு மணிக்குள், லீஷோடு, கையில் கவரோடு என்று முடிவானது.

அவர் பிடிவாதத்துக்கும் காரணம் இருக்கிறது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறிய பிறகு, எந்தப் பூங்காவிலும் அவிழ்த்துவிட்ட நாயைப் பார்த்துச் சிரிக்க ஆள் கிடையாது. அவிழ்ப்பதற்குப் பூங்கா இல்லை, அவ்வளவுதான். நடைக்கு நல்ல இடம்; தினமும் அங்கேதான் போகிறோம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்த இனத்துக்குத் தலை ஒடுங்கியது, கழுத்து அதைவிடப் பருமன். சாதாரணக் கழுத்துப்பட்டை பின்னால் இழுத்தால் அப்படியே தலை வழியே கழன்று கையோடு வந்துவிடும். இழுத்தால் அளவாக இறுகுகிற பட்டையோ, மார்போடு சேர்த்து மாட்டுகிற பட்டையோ வாங்குங்கள்.

வைகைக்கு வருகிறேன். மதுரைக்காரனுக்கு வருஷத்தில் பாதி நாள் ஆறு என்றால் மணல், திட்டு, புல். விடியற்காலையில் ஆள் இல்லை, போர்டு இல்லை, கேட்க யாரும் இல்லை. அங்கே அவளை அவிழ்த்துவிட்ட முதல் காலையை என்னால் மறக்க முடியாது. முதுகு வில்லாக வளைந்து, நாலு காலும் ஒன்றாக வயிற்றுக்குள் போய், மறுபடி விரிகிறது. அவ்வளவுதான் கண்ணுக்குப் பிடிபட்டது. இரண்டு மாதம் அங்கேதான் ஓடினாள். கூப்பிட்டால் வந்தாள். நானும் நம்பிவிட்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு திட்டுக்குப் பின்னாலிருந்து வெள்ளாட்டுக் கூட்டம் ஏறி வந்தது. செவ்வந்தியின் காது இரண்டும் மேலே நின்றதைப் பார்த்தேன். பெயர் சொல்லிக் கத்துவதற்குள் ஐம்பது அடி தள்ளிப் போய்விட்டாள். “ஏ தம்பி, நாயப் புடி, ஆடு செனையா இருக்கு!” என்று ஒரு பாட்டி கம்போடு ஓடி வந்தது. கடிக்கவில்லை, ஒரு ஆடு சேற்றில் விழுந்து எழுந்ததோடு போயிற்று. இவள் திரும்பி வந்தபோது முன்னங்கால் பாதம் பாட்டில் கண்ணாடியில் கிழிந்து தொங்கியது. ஏழு தையல். பாட்டியிடம் ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டே, “இது வேட்டை நாயப்பா. இதையப் போய் அவுத்து விடலாமா?” என்றது.

மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது எனக்கு அந்தக் கேள்வியில் முடிந்துவிட்டது. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணால் பார்த்துத் துரத்துகிற ஜாதி. பிஸ்கட்டுக்குத் திரும்பி வருவது வேறு, ஓடுகிற ஒன்றைப் பார்த்த பிறகும் திரும்பி வருவது வேறு. முதலாவதை நூறு நாள் பார்த்திருந்தாலும் இரண்டாவதற்கு அது சாட்சி இல்லை. சட்டமும் இந்த இடத்தில்தான் பிடிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ வாய்ப்பிருந்தும் போதிய ஏற்பாடு செய்யாதவரைத் தண்டிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய்தான். ஆட்டுக்குப் பதில் அந்தப் பாட்டி விழுந்து இடுப்பை ஒடித்திருந்தால், “கூப்பிட்டா வருவா சார்” என்பதைப் போதிய ஏற்பாடு என்று நானே சொல்லமாட்டேன்.

அதற்காகக் கட்டியே போடவும் முடியாது. கட்டிப் போட்ட நாய்க்குப் போதுமான ஓட்டமும் நடையும் கொடுக்காமல் விடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம்.

இன்னொன்று, ஆறு நம் வசம் இல்லை. வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை. 69 அடியில் மூன்றாவது. அந்தச் சமயத்தில் மணல் ஏது?

ஆகவே தோப்பு. அப்பன்திருப்பதி தாண்டி என் பள்ளித் தோழன் ஒருவனுடைய தென்னந்தோப்பு, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. சுற்றிலும் ஆறடி உயரக் கம்பி வலை வேலி, ஒரே இரும்புக் கதவு. வாரம் இரண்டு நாள் போகிறோம். காசு வேண்டாம் என்றான். வேலிப் பராமரிப்பை நான் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. அந்தப் பேச்சு எவ்வளவு பெரியது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு ஏக்கர் சரியான சதுரமாக இருந்தாலே சுற்றளவு சுமார் 835 அடி. அவிழ்க்கும் முன் ஒவ்வொரு முறையும் அவளை லீஷில் பிடித்தபடி முழுச் சுற்று வருகிறேன். மழை பெய்தால் வலைக்கு அடியில் மண் அரித்துக்கொண்டு போகும். கீரி நுழைந்த பொந்து ஒரு வாரத்தில் நாய்த்தலை அளவுக்கு விரியும். கருங்கல், கட்டுக்கம்பி, ஒரு கட்டிங் பிளேயர் இப்போது எப்போதும் வண்டியில் கிடக்கின்றன. மூன்று மாதத்தில் பதினோரு ஓட்டை அடைத்திருக்கிறேன்.

அதோடு மயில். அழகர்கோவில் பக்கம் மயிலுக்கு வேலி ஒரு பொருட்டா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை. ஒன்று செத்தால் பதில் சொல்ல வேண்டியது நாய் அல்ல, நான். உள்ளே மயில் நின்றால் கைதட்டி விரட்டிவிட்டுத்தான் கொக்கியைக் கழற்றுகிறேன். சில நாள் இருபது நிமிஷம் அதற்கே போய்விடும். வீட்டுக்கு வந்ததும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும், அது தனி வேலை.

இவ்வளவுக்கும் நான் தோப்புப் பக்கம்தான். ஓட்டை அடைப்பது என் கையில் இருக்கிறது. ஆற்றில் யார் வருவார்கள் என்பது என் கையில் இல்லை. லாப்ரடாரோ நாட்டு நாயோ வைத்திருப்பவர்களுக்கு இது அதிகப்படியாகத் தோன்றலாம். அவற்றை நான் வளர்த்ததில்லை, அதனால் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தோப்பிலும் இன்னும் ஒரு முழு ஐப்பசி, கார்த்திகை பார்க்கவில்லை. கோடை மழைக்கே இத்தனை ஓட்டை என்றால் அடைமழைக்கு வேலி என்ன ஆகும் என்று யோசனையாகத்தான் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தோழனிடமிருந்து போன். நாளைக்குத் தேங்காய் வெட்டு, மரம் ஏறுகிறவர்கள் ஆறு மணிக்கே வந்துவிடுவார்களாம். நாளைக்குப் பூங்காதான், லீஷோடு.