டிஃபெண்டர் போதுமா, காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் பெட்டியைப் பிரிக்கும் முன்பே எனக்கு ஃபோன் வந்துவிடும். போன மாதம் எதிர்வீட்டு மாமா கூப்பிட்டார். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப். கூடவே ஒரு வருட ஆன்டிவைரஸ் டப்பா ஒன்றையும் கடைக்காரர் பில்லில் சேர்த்திருந்தார்.

"இதைப் போடலன்னா நாலே நாள்ல வைரஸ் பூந்துடும்னு சொன்னாங்கப்பா. பேரன் என்னடான்னா விண்டோஸ்லயே ஒண்ணு இருக்கு, அது போதும்ங்கறான். சும்மா கொடுக்கறது எப்படிப்பா உருப்படியா இருக்கும்?"

பேரன் சொன்னது விண்டோஸோடு இலவசமாக வரும் மைக்ரோசாஃப்ட்டின் டிஃபெண்டரை. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு கேட்டிருந்தால் நானே டப்பாவைப் பிரித்துப் போட்டுக் கொடுத்திருப்பேன். 2009-இல் மைக்ரோசாஃப்ட் இலவசமாக விட்ட செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற ஆன்டிவைரஸுக்கு, 2012 கடைசியில் ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் சான்றிதழே தரவில்லை. அதே 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே வந்தது. ஆனாலும் பழைய கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று நிலைமை வேறு. ஏவி-டெஸ்ட்டில் பாதுகாப்பு, வேகம், தவறான எச்சரிக்கை கொடுக்காமல் இருப்பது என மூன்றுக்கும் தலா 6, மொத்தம் 18 மதிப்பெண். சில வருடங்களாக டிஃபெண்டர் முழு மதிப்பெண்ணோ அதை ஒட்டியோதான் வாங்குகிறது. கட்டணம் வாங்கும் பெரிய பெயர்களும் அதே இடத்தில்தான் நிற்கின்றன.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வெளி ஆன்டிவைரஸைப் போட்டதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். எடுத்துவிட்டால் மறுபடி தானாக வந்து நிற்கும். வாசலில் நிற்கும் காவல்காரரை அனுப்பிவிட்டு, சம்பளத்துக்கு வேறொருவரை வைக்கிறோம். மாமா நினைத்ததுபோல இரட்டைப் பூட்டு கிடைப்பதில்லை. அப்படியானால் புதியவர் எதில் கூடுதல் என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலாவது, நெட் இல்லாத நேரம். டிஃபெண்டர் சந்தேகப்படும் ஃபைலைப் பற்றி மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் கேட்டு முடிவெடுப்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. இணைப்பைத் துண்டித்துச் சோதித்தால் அதன் பிடிப்பு குறைவதை ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் அக்கா வினாத்தாளை ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொண்டுவருகிறார். வீட்டில் வைஃபை கிடையாது, ஃபோன் ஹாட்ஸ்பாட்தான், அதுவும் வேண்டும்போது மட்டும். அவருக்குக் காசு கொடுத்து ஒன்று போடச் சொன்னேன். அந்தச் செலவு வீண் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். புனேயின் குவிக் ஹீல், சென்னையின் கே7 என்று நம் ஊர்களிலிருந்தே வரும் தயாரிப்புகளும் உண்டு.

இரண்டாவது, ரான்சம்வேர். ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம். முக்கியமான ஃபோல்டர்களில் முன்பின் தெரியாத புரோகிராம் கை வைக்க விடாத வசதி 2017-லிருந்து விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் நாமாகப் போய் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்தால் நல்ல புரோகிராமையும் சில நேரம் தடுக்கும், அதற்கு அனுமதி கொடுக்கத் தெரிய வேண்டும். இந்த வேலையைக் காசு வாங்கும் ஆன்டிவைரஸ்கள் இன்னும் நோகாமல் செய்கின்றன. மூன்றாவது, போலி வங்கித் தளங்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஸ்மார்ட்ஸ்கிரீன் காவல் எட்ஜ் பிரவுசரில்தான் முழுதாக வேலை செய்யும். குரோமில் கூகுளின் சொந்த எச்சரிக்கை இருப்பதால் இதை நான் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. விபிஎன், பாஸ்வேர்டு மேனேஜர் என்று டப்பாவின் மேல் அச்சடித்திருப்பவற்றுக்காக யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

காசு கொடுப்பதில் இழப்பும் உண்டு. 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் கனமான ஆன்டிவைரஸ் ஏறினால் மெஷின் மூச்சு வாங்கும். (பெரிய ஃபோல்டரைக் காப்பி செய்யும்போது டிஃபெண்டரும் இழுக்கத்தான் செய்யும்.) தினம் ஒரு "இப்போதே புதுப்பியுங்கள்" அறிவிப்பு வேறு. அதைவிட என்னைக் கோபப்படுத்துவது நம்பிக்கை மீறல். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்றது 2020-இல் வெளியே வந்தது. 2024-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது. காவலுக்கு வந்தவரே வீட்டு விவரத்தை விற்றால் யாரை நம்புவது?

இந்த ஒப்பீட்டைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் ஆகிறதா? 2017 மே மாதம் உலகை உலுக்கிய வன்னக்ரை என்ற ரான்சம்வேர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. அதில் டிஃபெண்டருக்குப் புதிய வைரஸ் பட்டியல் இன்னும் வருகிறது, ஆனால் பதிவுசெய்து கூடுதல் கால அப்டேட் பெறாத கணினியில் விண்டோஸின் ஓட்டைகள் அடைபடாது. அப்படிப்பட்ட மெஷினுக்கு ஆன்டிவைரஸ் விற்பது, கூரை ஒழுகும் வீட்டுக்குக் கதவு மாற்றுவது போல.

இதைவிட மோசம் 'ஆக்டிவேட்டர்', அதாவது திருட்டு விண்டோஸை அசல்போலக் காட்டும் புரோகிராம். அசெம்பிள் செய்து கொடுக்கும் சில இடங்களில் திருட்டு விண்டோஸைப் போட்டு, ஆக்டிவேட்டர் ஓடுவதற்காக டிஃபெண்டரையே அணைத்துக் கொடுக்கிறார்கள். மர்ஃபி டவுனில் ஒரு வீட்டில் பார்த்தேன். குழந்தைகளின் பிறந்தநாள் படங்கள் வரை எல்லாம் பூட்டிக் கிடந்தன, ஒன்றையும் மீட்க முடியவில்லை. அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அங்கே டிஃபெண்டர் தோற்கவில்லை, அதை நிற்கவே விடவில்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: எக்ஸ்புரொடெக்ட், கேட்கீப்பர் என்ற ஆப்பிளின் சொந்தக் காவல்கள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. கிராக் சாஃப்ட்வேர் பக்கம் போகாத வீட்டுக்கு அது போதும்.

"டிஜிட்டல் அரெஸ்ட்" என்று வீடியோ காலில் மிரட்டுகிறவனையும், ஸ்கிரீனைப் பகிரும் ஆப்பைப் போடச் சொல்கிறவனையும் டிஃபெண்டர், காசு கொடுத்து வாங்குவது இரண்டில் எதுவும் தடுக்காது. பென்ஷன் பணம் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறது. பணம் போன உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அடிக்கச் சொல்லி மாமாவின் ஃபோனில் அந்த எண்ணைச் சேமித்துக் கொடுத்தேன்.

டப்பாவைப் பிரிக்காததால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். கொஞ்சம் பணம் மேலே போட்டு மாமா ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். பேரனுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுன்ட் திறந்தோம், ரான்சம்வேர் காவலை ஆன் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கல்யாணப் படங்களைக் காப்பி செய்து முடித்து, டிஸ்க்கைக் கழற்றி, பீரோவில் பத்திரங்களோடு வைத்துவிட்டதாக ஃபோன் செய்தார்.