ஒரு சர்வே எண்ணா, முழு வரைபடமா? சென்னையில் நிலத்தின் வகையை மாற்ற மூன்று வழிகள்

தாம்பரம் தாண்டி அரை ஏக்கர் வைத்திருக்கிறீர்கள், சுற்றிலும் எப்போதோ வீடுகள் வந்துவிட்டன, ஆனால் வரைபடத்தில் அது இன்னும் விவசாய மண்டலம். என்ன செய்யலாம்?

பெரும்பாலும் எல்லோரும் போவது நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்குத்தான். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் அந்த ஒரு சர்வே எண்ணுக்கு மட்டும் சிஎம்டிஏவில், அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில், மனு போட வேண்டும். நாளிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் சொல்ல 21 நாள், அப்புறம் தொழில்நுட்பக் குழு, கடைசியில் அரசிதழ். இழுத்தடிக்கும், ஆனாலும் உங்கள் ஆயுளுக்குள் முடிந்துவிடும். அந்தப் பொடி எழுத்து அறிவிப்பைப் பக்கத்து மனைக்காரர் படிப்பாரா என்பது வேறு விஷயம். எனக்கு உறுத்துவது இதுதான்: தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு மனுவும் நியாயமாகவே தெரியும், பக்கத்தில்தான் வீடு இருக்கிறதே. இப்படி ஐம்பது மனுக்கள் தேறிய பிறகு மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகும்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரில் படகு ஓடியதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாஸ்டர் பிளானையே, அதாவது எந்த நிலம் எந்த வகை என்று குறிக்கும் நகரின் முழுத் திட்ட வரைபடத்தையே, திருத்துவது இரண்டாவது வழி. சென்னைப் பெருநகரப் பகுதி முழுவதும் ஒரே மேசைக்கு வரும். ஏரி, சாலை, ரயில் எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்கலாம். வேகம்தான் மோசம். முதல் திட்டம் எழுபதுகளின் நடுவில், இரண்டாவது 2008 செப்டம்பரில். அந்த முப்பது சொச்சம் வருஷத்தில் பழைய மாமல்லபுரம் சாலை ஐடி காரிடாராகவே ஆகிவிட்டது, வரைபடம் மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தது.

மூன்றாவது, வரைபடத்தில் நில வகையைக் காட்டும் வண்ணத்தைத் தொடாமல் கட்டட விதியை மட்டும் மாற்றுவது. 2019 கட்டட விதிகளில் அதிக உயரமில்லாத சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5-லிருந்து 2 ஆனது. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், 3,600 கட்டியவர் இப்போது 4,800 கட்டலாம். சட்டென்று முடிகிற வேலை, யாரும் மனு போட்டு அலைய வேண்டாம். ஆனால் தெரு அதே அகலம், சாக்கடைக் குழாயும் அதே குழாய். உங்கள் அரை ஏக்கருக்கோ இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அது விவசாய மண்டலமாகவே கிடக்கும்.

ஊருக்கு நல்லது இரண்டாவதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அரை ஏக்கர் என்னுடையதாக இருந்தால் சத்தியமாக நாளைக்கே மனு போடுவேன்.