சர்க்கரை இல்லாத கேக் வகுப்பு: நான்கு சனிக்கிழமைகளும் ஒரு தராசும்

திருச்சியில் ஒரு வீட்டின் மாடியில் நடக்கும் பேக்கிங் வகுப்பில் தை மாதம் தொடங்கி நான்கு சனிக்கிழமைகள் படித்தேன். "குடும்பத்துக்குச் சர்க்கரை இல்லாத கேக்" என்பது வகுப்பின் பெயர். கட்டணம் 3,600 ரூபாய், காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நடத்துபவரின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. குறையாக நான் சொல்லப்போவது அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று, வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவர்கள் பலரும் நல்லெண்ணத்தோடு செய்கிற பிழைதான் அது. வகுப்பின் பெரும்பகுதி மிக நன்றாக இருந்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவுக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற ஆண்டு எனக்கு எடுத்த ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் நோய். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது என்றும், அதைவிட அதிகமாக 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் சொன்னபோது அதைச் செய்தியாகப் படித்துவிட்டுப் போனவன்தான் நான். அந்த இரண்டாவது கணக்கில் நானும் ஒருவன் என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்கு வரும் பேக்கரிப் பொட்டலங்களை எண்ணத் தொடங்கினேன். மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். 2025 மே மாதத்தில் சிபிஎஸ்இ தன் பள்ளிகள் எல்லாவற்றிலும் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்ன பிறகு அவள் பள்ளியிலும் ஒன்று வைத்திருக்கிறார்கள். எந்தப் பானத்தில் எத்தனை கரண்டி என்று அவளே வந்து ஒப்பிக்கிறாள். ஆனால் மாலை நான்கரை மணிக்குப் பசியோடு வரும் பிள்ளைக்குப் பலகையைக் காட்டிப் பசியாற்ற முடியாது. வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும்.

முதல் வகுப்பில் அடுப்பையே பற்றவைக்கவில்லை. ஆசிரியை மேசைமேல் எலெக்ட்ரானிக் தராசை வைத்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சீனியைக் கொட்டிக்கொண்டே வந்தார். 200 கிராம் ஆனதும் நிறுத்தி, கிண்ணத்தை எங்கள் எட்டுப் பேர் கைக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். 200 கிராம் மாவு, 200 கிராம் வெண்ணெய், 200 கிராம் சீனி, நான்கு முட்டை என்பதுதான் வழக்கமான வெண்ணெய்க் கேக்கின் கணக்கு. அதைப் பத்துத் துண்டாக்கினால் ஒரு துண்டில் 20 கிராம் சீனி. பிறகு ஒரு சிறு கரண்டியால் 20 கிராமை அளந்து ஒரு வெள்ளைத் தட்டில் குவித்தார். நான்கு கரண்டிக்கு மேல் வந்தது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு. தட்டில் இருந்த அந்தச் சிறு குவியலை என் மகளின் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு காட்சிக்காகவே கட்டணத்தில் கால் பங்கைக் கொடுக்கலாம்.

இரண்டாவது வகுப்புதான் இந்தப் பயிற்சியின் உயிர். சீனி கேக்கில் இனிப்புக்கு மட்டும் இருக்கிறது என்று நினைத்து அதை அப்படியே எடுத்துவிட்டால் கேக் ஏன் கல்லாகிறது என்பதைச் செய்து காட்டினார். வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது சீனியின் கூர்மையான பொடிகள் வெண்ணெய்க்குள் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கின்றன. மாவின் பசைத்தன்மை இறுகிவிடாமல் சீனி தடுக்கிறது, ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது, மேற்பரப்பு பொன்னிறமாகச் சிவக்க உதவுகிறது, கேக் சீக்கிரம் கெட்டுப்போகாமலும் காக்கிறது. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் வேறொரு மாற்று தேட வேண்டும். ஈரத்துக்குத் தயிரும் மசித்த வாழைப்பழமும், எழும்புவதற்கு நன்றாக அடித்த முட்டையும் பேக்கிங் பவுடரும் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார். காக்கும் வேலைக்கு மட்டும் மாற்று இல்லை. சீனி குறைந்த கேக்கை இரண்டாம் நாளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும், நம் ஊர் வெயிலில் மூன்றாம் நாள் பூசணம் வந்துவிடும் என்று அவர் எச்சரித்தது உண்மைதான். வீட்டில் ஒருமுறை மறந்து மேசையிலேயே விட்டு அதைப் பார்த்துவிட்டோம்.

நான்கு கேக்குகளை ஒரே மாவுக் கணக்கில், சீனியை 200, 150, 100, 50 என்று குறைத்து வேகவைத்து, எது எது என்று சொல்லாமல் எங்களைச் சாப்பிடச் சொன்னதும் அன்றுதான். 150 கிராம் கேக்கை யாராலும் பிரித்தறிய முடியவில்லை. 100 கிராமில் இனிப்பு குறைந்தது தெரிந்தது, ஆனால் ஏலக்காய் மணம் முன்னைவிட எடுப்பாக வந்தது. 50 கிராம் கேக் வெளுத்து, ரொட்டி போல இறுகியிருந்தது. பழம் சேர்க்காத சாதாரணக் கேக்கில் சீனியைப் பாதிவரை தயக்கமில்லாமல் குறைக்கலாம், அதற்குக் கீழே போனால் செய்முறையையே மாற்ற வேண்டும் என்பதை யாரும் வாயால் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஓவனைப் பற்றியும் தேவையான அளவுக்குச் சொல்லித்தந்தார். ஓடிஜி எனப்படும் சிறிய மின் அடுப்புகளில் குமிழ் 180 என்று காட்டினாலும் உள்ளே இருக்கும் சூடு இருபது டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால், உள்ளே வைக்கும் ஒரு சிறு வெப்பமானியை வாங்கிவிடச் சொன்னார். வாங்கிப் பார்த்தேன், என் வீட்டு அடுப்பு 25 டிகிரி கூடுதலாக இருந்தது. இத்தனை நாள் என் கேக்குகளின் ஓரம் கருகியதற்கு நான் வேறெதையெல்லாமோ காரணமாக நினைத்திருந்தேன்.

இனி குறைக்கு வருகிறேன். மூன்றாவது வகுப்பில் வெல்லக் கேக், கருப்பட்டிக் கேக், பேரீச்சைக் கேக் என்று மூன்று செய்தோம். மூன்றும் அருமையான சுவை. கருப்பட்டியைச் சிறிதளவு வெந்நீரில் கரைத்து வடிகட்டி, அதில் சமையல் சோடாவைப் போட்டதும் நுரைத்து எழுந்த அழகையும் அந்த மணத்தையும் மறக்க முடியாது. ஆனால் எங்களுக்குக் கொடுத்த தாளில் மூன்றின் தலைப்பிலும் "சர்க்கரை இல்லை" என்றே அச்சிட்டிருந்தது. வெல்லக் கேக்குக்கு 200 கிராம் வெல்லம். வெல்லத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சர்க்கரைதான். சீனியில் இல்லாத கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் அதில் இருப்பது உண்மை, ஆனால் ஒரு துண்டுக் கேக்கில் கிடைக்கும் அளவு மிகச் சொற்பம். பேரீச்சம்பழத்திலும் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, நார்ச்சத்து கூடவே இருப்பதுதான் அதன் நன்மை.

"மேடம், இதில் சர்க்கரை இல்லை என்று போட்டிருக்கிறதே, வெல்லமும் சர்க்கரைதானே?" என்று கேட்டேன்.

"வெள்ளைச் சர்க்கரை இல்லைன்னுதான் சார் அர்த்தம். எல்லாருக்கும் அது தெரியும்" என்றார்.

எல்லாருக்கும் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம். நம் மொழியே இதைத் தெளிவாகச் சொல்லி வைத்திருக்கிறது. சர்க்கரைப் பொங்கலுக்கு நாம் போடுவது வெல்லம், நாட்டுச் சர்க்கரை என்று பெயர் வைத்திருப்பதும் கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்த பொடிக்குத்தான். சீனி இல்லை என்று சொல்வதும் சர்க்கரை இல்லை என்று சொல்வதும் ஒன்றாகிவிடாது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மையார் தன் கணவருக்கு இன்சுலின் போடுகிறவர். அன்று செய்த வெல்லக் கேக்கில் பாதியை அவருக்கென்று டப்பாவில் எடுத்துக்கொண்டு போனார். நானும் என் பங்கை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தபோது வழக்கத்தைவிட ஏறத்தாழ அறுபது கூடுதலாகக் காட்டியது. ஒரே ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு கட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "சர்க்கரை இல்லைன்னியேப்பா" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சீனி போட்ட கேக் என்றால் அவர் அரைத் துண்டோடு நிறுத்தியிருப்பார். தாளில் இருந்த இரண்டு சொற்களை நம்பித்தான் இரண்டாவது துண்டை எடுத்தார்.

நான்காவது வகுப்பில் இனிப்பூட்டிகள். சீனித்துளசியிலிருந்து (ஸ்டீவியா) எடுக்கும் பொடி சீனியைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இனிப்பது, ஆகவே ஒரு சிட்டிகை போதும். ஆனால் அந்தச் சிட்டிகையால் சீனி விட்டுச்செல்லும் இடத்தை நிரப்ப முடியாது, கேக் குறுகிப்போகிறது, நாக்கில் லேசான கசப்பும் தங்குகிறது. எரித்ரிட்டால் என்ற இன்னொரு இனிப்பூட்டி போட்ட குக்கீஸ் மொறுமொறுப்பாக வந்தன, ஆனால் வாயில் புதினா தின்றது போன்ற குளிர்ச்சி. உடல் எடையைக் கட்டுப்படுத்தச் சீனித்துளசி போன்ற இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருப்பதையும், ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் ஆசிரியை இரண்டையும் சேர்த்தே சொன்னார். இந்த நேர்மை மூன்றாம் வகுப்பின் தாளிலும் இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். என் மகளுக்கு இவை தேவையில்லை என்று நாங்கள் வீட்டில் முடிவு செய்தோம். அவள் நாக்கு குறைந்த இனிப்புக்குப் பழக வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை பாடும்.

வகுப்பில் கற்றதைக் கொண்டு வீட்டில் ஆறு முறை செய்து பார்த்து நிலைபெற்ற கேக் ஒன்று இப்போது எங்களிடம் இருக்கிறது. கோதுமை மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், தோல் நன்றாகக் கறுத்த பச்சை வாழைப்பழம் உரித்தபின் 250 கிராம், முட்டை இரண்டு, தயிர் 100 மில்லி, கடலை எண்ணெய் 60 மில்லி, நாட்டுச் சர்க்கரை 40 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைச் சிறு கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, நான்கு ஏலக்காய். கேழ்வரகில் பசைத்தன்மை கிடையாது என்பதால் அதைக் கால் பங்குக்கு மேல் கூட்டினால் கேக் உதிர்ந்துபோகிறது. இருமுறை உதிர்ந்த பிறகுதான் இந்த அளவுக்கு வந்தோம். கோதுமை மாவு மைதாவைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும், அதனால் கலந்த மாவைப் பத்து நிமிடம் ஊறவிட்ட பிறகே டின்னில் ஊற்றுகிறேன். 170 டிகிரியில் 45 நிமிடம். பன்னிரண்டு துண்டு போட்டால், தனியாகச் சேர்த்த சர்க்கரை ஒரு துண்டுக்கு மூன்றரை கிராமுக்கும் குறைவு. பழத்தின் சர்க்கரையும் மாவும் தனிக் கணக்கு என்பதால் அம்மாவுக்கு ஒரு துண்டுதான், அதுவும் இட்லியில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு. பழம் கறுக்கக் கறுக்க அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக்கொண்டே வரும் என்பதை அவருக்கும் விளக்கிவிட்டேன்.

மகள் முதல் இரண்டு வாரம் முகம் சுளித்தாள். மூன்றாம் வாரம் வேர்க்கடலையை வறுத்து உடைத்து மேலே தூவினேன், அன்றிலிருந்து டப்பா காலியாகவே திரும்பி வருகிறது. சென்ற வாரம் ஒரு பிறந்தநாள் விழாவில் வாங்கிய கிரீம் கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு "ரொம்ப இனிக்குதுப்பா" என்றாள்.

செலவைப் பொறுத்தவரை, பொருள்களும் மின்சாரமும் சேர்த்து நான் போட்ட கணக்கில் ஒரு கேக் 120 ரூபாய்க்குள் முடிகிறது. நேரம்தான் செலவு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம். அதைத் தர முடியாதவர்கள் இந்த வகுப்பில் சேர்வதில் பயனில்லை. முட்டை சேர்க்காதவர்களும் சேரும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. முட்டைக்கு மாற்றாக ஆளி விதையை அரைத்து ஊறவைக்கும் முறையை வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டார், செய்து காட்டவில்லை.

பேக்கிங்கை முறையாகப் புரிந்துகொள்ள விரும்பும் எவருக்கும் இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன். வீட்டில் நீரிழிவு நோயாளி இருப்பவர்கள் மூன்றாம் வகுப்பின் கேக்குகளைத் தாளின் தலைப்பைப் பார்த்துப் பரிமாற வேண்டாம், கையோடு ஒரு தராசை வைத்துக்கொண்டு வெல்லத்தையும் பேரீச்சையையும் சீனியைப் போலவே கணக்கிடுங்கள். கடைசி நாளன்று கருத்தெழுதும் தாளில், ஒவ்வொரு செய்முறைக்கும் கீழே "ஒரு துண்டில் இத்தனை கிராம் சர்க்கரை" என்று ஒரு வரி சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தேன். அடுத்த அணியில் சேர்ந்த என் தங்கை போன வாரம் தன் தாள்களை அனுப்பியிருந்தாள். வெல்லக் கேக்கிலும் கருப்பட்டிக் கேக்கிலும் தலைப்பு "வெள்ளைச் சீனி இல்லை" என்று மாறியிருக்கிறது, அடியில் கிராம் கணக்கும் இருக்கிறது. பேரீச்சைக் கேக்கின் தாள் மட்டும் இன்னும் பழையபடியே இருக்கிறது.