லவாக் கைப்பம்புக் கழிவறை: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

இங்கிலாந்தின் தென்கரையில், சோலெண்ட் கடற்பகுதியில் நான் ஓட்டும் பழைய பாய்மரப் படகை வாங்கியபோதே அதில் லவாக் என்ற பிராண்டின் கழிவறை இருந்தது. வழக்கமான கைப்பம்புக் கழிவறைகளில், பீங்கான் கிண்ணத்தை ஒட்டி நிற்கும் ஒரே பிஸ்டன் பம்ப் கடல்நீரை இழுப்பதையும் கழிவைத் தள்ளுவதையும் சேர்த்துச் செய்யும். லவாக்கிலோ இருக்கைக்கும் மூடிக்கும் ரப்பர் சீல் உண்டு. மூடியைச் சாத்திவிட்டு, தனியே பொருத்தப்பட்ட டயாஃப்ரம் (நெகிழும் சவ்வு) பம்பை அடித்தால், கழிவு வெளியேறும் வேகத்தில் பீங்கானுக்குள் உண்டாகும் வெற்றிடமே கடல்நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடித்து முடித்த பிறகு வெற்றிடம் தணியும்வரை மூடி திறக்காது என்பதை விருந்தினரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

புதுப்பிக்கும் வேலையில் பம்ப் எனக்கு அதிகச் சிரமம் தரவில்லை. டயாஃப்ரத்தையும், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் ஃபிளாப் வால்வுகளையும் மாற்றினால் பழைய பம்பும் புதிதாகிவிடும். எங்கே கோளாறு என்பதைக் கைப்பிடியே சொல்லிவிடுகிறது: அது இலேசாக ஓடினால் எங்கோ காற்று நுழைகிறது, முதலில் சீலைப் பார்க்க வேண்டும், அடிக்க அடிக்க இறுகினால் வெளியேற்றும் ஹோஸ் அடைபடுகிறது. கடல்நீர் வரும் ஹோஸின் உயரமான வளைவில் காற்று நுழைய ஒரு நுண்துளை உண்டு. உப்பால் அது அடைபட்டால், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பீங்கானுக்குள் கடல்நீர் தானாகவே வழிந்து வந்துகொண்டிருக்கும். எனவே அதை மெல்லிய கம்பியால் அவ்வப்போது குத்திவிடுகிறேன், படகை விட்டு இறங்கும்போது படகின் அடிப்புறத் துளைகளில் உள்ள கடல்வால்வுகளையும் மூடிவிடுகிறேன்.

உண்மையான எதிரி ஹோஸுக்குள் இருக்கிறது. சிறுநீரில் உள்ள யூரியா சிதைந்து அம்மோனியா உண்டாகும்போது காரத்தன்மை கூடி, கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் உப்புகளாகப் படிகின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஏறும் உப்புக்கறையைப் போலவே இதுவும் அடுக்கடுக்காக இறுகி, 38 மில்லிமீட்டர் குழாயின் துவாரத்தைச் சுருக்கிவிடுகிறது. கழற்றிய ஹோஸைக் கான்கிரீட் தளத்தில் ஓங்கி அடித்தால், சாம்பல் நிறப் படிவு சில்லுசில்லாக உதிரும். ஹோஸ் இன்னும் நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே இந்த உழைப்புக்குப் பயன் உண்டு. வாரம் ஒருமுறை இரவில் வினிகர் ஊற்றி வைப்பது படிவைத் தள்ளிப்போடும். இறுகிவிட்டதைக் கரைக்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவைப்படும். அதையோ வினிகரையோ பிளீச்சுடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், படகின் கழிவறையில் காற்றோட்டமும் குறைவு.

நாற்றம் வந்தால் பலரும் உடனே பீங்கானைத்தான் தேய்க்கிறார்கள். அதற்கு முன், வெந்நீரில் நனைத்த துணியால் ஹோஸின் வெளிப்புறத்தை அழுத்தித் துடைத்து, துணி ஆறியபின் முகர்ந்து பாருங்கள். அதில் வாடை ஏறியிருந்தால் நாற்றம் ஹோஸின் சுவரையே ஊடுருவிவிட்டது என்று பொருள், மாற்றுவதைத் தவிர வழியில்லை. பம்பை முதல்முறை அடிக்கும்போது மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால், உள்ளே வரும் குழாயில் தேங்கிய கடல்நீரில் நுண்ணுயிர்கள் மடிந்து அழுகுகின்றன என்பதே காரணம். கடல்வால்வை மூடி, அந்த ஹோஸை ஒரு வாளி நன்னீரில் வைத்து, பம்ப் அடித்து நன்னீரை உள்ளே இழுத்துவிட்டுத்தான் கரைக்குச் செல்கிறேன்.

மூடி திறக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவர்கள், பழைய லவாக் கிடைத்தால் புதுக் கழிவறைக்கான பணத்தை நல்ல ஹோஸிலும் அதை இறுக்கிப் பிடிக்கும் துருப்பிடிக்காத இரட்டைக் கிளிப்புகளிலும் போடலாம்.