எந்த நீதிபதி முன் நம் வழக்கு? இகோர்ட்ஸ் ஆப் பற்றி

நீதிமன்ற வழக்கின் நிலையைப் போனிலேயே பார்க்க உதவும் இகோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப் இலவசம், லாகின் தொல்லையும் கிடையாது. சிஎன்ஆர் எனப்படும், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க எண்ணைப் போட்டால் (தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்ற வழக்கென்றால் டிஎன் என்று தொடங்கும்) அடுத்த வாய்தா, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அதோடு எந்த நீதிமன்றம், எந்த நீதிபதி என்பதற்கு ஒரு வரி, எல்லாம் வந்துவிடும். எண் கையில் இல்லாவிட்டால் கட்சிக்காரர் பெயர், வழக்கறிஞர் பெயர் போட்டும் தேடலாம், ஆனால் முருகன் என்று போட்டால் ஊரில் உள்ள அத்தனை முருகனும் வந்து நிற்பார்கள்.

ஒரு குறை உண்டு. கீழமை நீதிமன்ற வழக்கில் பெரும்பாலும் 'முதன்மை மாவட்ட முன்சீப்' என்று பதவியைத்தான் காட்டும், அந்த நாற்காலியில் இன்று யார் என்று சொல்லாது. பெயர் வேண்டுமென்றால் அந்த மாவட்ட நீதிமன்ற இணையதளத்தில் நீதிபதிகள் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். சரி, அதையும் நீதிபதிகள் மாற்றல் சமயத்தில் அப்படியே நம்பிவிடாமல் வக்கீல் குமாஸ்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்குத் தெரியாதது கிடையாது.

உயர் நீதிமன்ற வழக்கென்றால் ஆப்பை விட அன்றாட வழக்குப் பட்டியலே மேல். நீதிபதி பெயர், கோர்ட் ஹால் எண் இரண்டும் அதிலேயே இருக்கும். சென்னைக்குத் தனி, மதுரைக் கிளைக்குத் தனி, மாற்றித் திறந்துவிட்டுத் தேடாதீர்கள்.

ஆப்புக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.